ஊர் கூடிக் கொடுத்த மனு

என்னைக் கல்லூரியிலிருந்து நீக்கியதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்க முடிந்திருந்தால் மறைத்திருப்பேன், அது வேறு. பதிவுத் தபாலைக் கொண்டுவந்த தபால்காரர், நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "காலேஜ்ல இருந்து ரிஜிஸ்டர் வந்திருக்கு தாயி, நல்ல சேதியா இருக்காதே" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். நல்ல சேதியை யாரும் பதிவுத் தபாலில் அனுப்புவதில்லை என்பது அவருடைய அனுபவம். அதில் தப்பும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே நடக்க வேண்டிய கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. பருத்தி, உளுந்து, கம்பு என்று வானம் பார்த்த விவசாயம். அந்த ஊரிலிருந்து பி.எஸ்ஸி. படிக்கப் போன முதல் பெண் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல். கல்லூரியின் பெயர் எதற்கு, நன்றாக இருக்கட்டும்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். முதலாம் ஆண்டின் இரண்டு செமஸ்டர்களிலும் பாதிக்கு மேற்பட்ட பாடங்களில் தேறாததால் என் பெயர் நீக்கப்படுகிறது. முறையிட விரும்பினால், கல்லூரி திறப்பதற்கு முந்திய வாரம் பெற்றோருடன் நேரில் வந்து, முதல்வரிடம் எழுத்து மூலம் கொடுக்கலாம். அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். அது பலிக்காவிட்டால் என்ன என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. படிக்க வைத்துக் கெட்டுப்போன குடும்பம் என்று அப்பாவைப் பேசுவார்கள். எனக்குப் பின்னால் எந்தப் பெண்ணையும் அந்த ஊரிலிருந்து கல்லூரிக்கு அனுப்பமாட்டார்கள். என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு அனுப்புவார்கள், அல்லது யாருக்காவது கட்டிக்கொடுப்பார்கள், அல்லது இரண்டும் நடக்கும்.

நான் மக்கு இல்லை. இதை இத்தனை வருஷம் கழித்தும் கோபத்தோடுதான் சொல்கிறேன். கோவில்பட்டியில் தமிழ் மீடியத்தில் படித்தபோது இயற்பியலில் நான்தான் முதல். நிலைமத் திருப்புத்திறன் கணக்கென்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். கல்லூரியில் அதே பாடத்தை இங்கிலீஷில் மழையாகக் கொட்டினார்கள். 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்று பாடம் நடத்திய மிஸ் பலகையில் எழுதிப் பக்கம் பக்கமாகப் போட்டது நான் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்த பாடம்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு மாசக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் செமஸ்டர் வந்துவிட்டது. யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். முன் பெஞ்சில் இருந்த கான்வென்ட் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற ஒரு சிரிப்பு இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

முறையீடு எழுத உட்கார்ந்தேன். வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

"மஞ்சக்காமாலைன்னு எழுதுட்டி," என்றாள் அம்மா. "கோவில்பட்டி டாக்டரு சர்ட்டிபிகேட் தருவாவ. நம்ம பெரியம்ம மகனுக்குத் தந்தாவல்லா."

"ரெண்டு செமஸ்டருக்குமா மஞ்சக்காமாலை இருக்கும்?"

"முத்திப்போச்சுன்னு எழுது."

முதலில் நான் எழுதியது ஒரே ஒப்பாரி. தாங்கள்தான் தாயும் தந்தையும், தங்கள் பாதங்களைப் பணிந்து, ஏழை விவசாயி மகள் என்றெல்லாம். மறுநாள் படித்துப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். அடுத்தது அதற்கு நேர் எதிர்த் திக்கில் போனது. பாடம் நடத்தியவர் வேகமாக நடத்தினார், விடுதிச் சோறு சரியில்லை, லைட் இல்லை என்று எல்லாப் பழியையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. ஆனால் அதைப் படிக்கிற முதல்வருக்கு என்மேல் ஏன் இரக்கம் வர வேண்டும்? அதையும் கிழித்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. முதல்வரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்து, எதிரே என்னை மாதிரி ஒருத்தி நின்றால் எனக்கு என்ன தெரிய வேண்டும்? இவள் அழுகிறாளா என்பதா? இவளைத் திரும்பவும் சேர்த்தால் அடுத்த செமஸ்டரிலும் இதே கதைதானா, அதுதான் தெரிய வேண்டும். அதற்குப் பதில் எழுதினேன். எனக்குப் பாடம் தெரியாமல் இல்லை, பாஷை தெரியாமல் இருந்தது. கேட்க வெட்கப்பட்டது என் தப்பு. இந்த விடுமுறையில் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தையும் கல்லூரிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பாடத்தை முடித்துவிட்டேன். எந்தெந்தப் பேப்பரை எந்தத் தேர்வில் திரும்ப எழுதுவேன் என்று போட்டேன். இனி முதல் பெஞ்சில் உட்காருவேன், புரியாவிட்டால் வகுப்பிலேயே எழுந்து கேட்பேன், யார் சிரித்தாலும் சரி என்று முடித்தேன். ஒரே பக்கம். பாதம், பணிவு எதுவும் இல்லை. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தன் பேரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். முழுவதும் கேட்டுவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா இது குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரில்லா இருக்கு? கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டா தண்டனைதான தாயி."

"இது கோர்ட்டு இல்லப்பா."

"எல்லாம் ஒண்ணுதான். சித்தப்பன்ட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்."

அந்த ஒரு வார்த்தையில்தான் என் தலையில் மண் விழுந்தது.

சித்தப்பா எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். கிணற்று பம்புசெட்டுகளுக்குக் கரண்டுக் கட்டணத்தை ஏற்றியதிலிருந்து எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் சங்கம் இருந்தது. மனு எழுதுவது, கைநாட்டு வாங்குவது, லாரி பிடிப்பது, ஆபீஸ் வாசலில் போய் உட்காருவது எல்லாம் ஊருக்கே பழகிப்போயிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதில் பலனும் இருந்தது. ஒற்றை ஆளாகப் போனபோது நாற்காலியிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காத அதிகாரி, ஊரே போய் நின்றால் எழுந்து வெளியே வந்தார். அப்படித்தான் கருகிப்போன பருத்திக்கு நிவாரணம் வாங்கினார்கள், அப்படித்தான் பிடுங்கிக்கொண்டு போன மின் இணைப்பைத் திரும்ப வாங்கினார்கள். ஆகவே உலகத்தில் எந்தக் கதவுக்கும் அதுதான் சாவி என்று நினைத்தார்கள்.

"ஒத்தையாப் போனா எவன் மதிக்கான்?" என்றார் சித்தப்பா. "நம்ம பிள்ளைய நீக்கிருக்கான்னா ஊரையே நீக்குன மாதிரி. நான் எழுதுதேன். நீ சும்மா வா."

"நான் எழுதிட்டேன் சித்தப்பா. பெத்தவியளக் கூட்டிட்டு வந்தாப் போதும்னுதான் போட்டிருக்கு."

"ஏட்டி, நேத்துப் பிறந்தவ நீ. ஒனக்கு ஆபீஸ் விவகாரம் என்ன தெரியும்?"

அப்பா தம்பியின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அவனும் நல்லதுக்குத்தான சொல்லுதான்" என்றார். நல்லதுக்குச் சொல்கிறவனை எதிர்த்து எங்கள் ஊரில் யார் ஜெயித்திருக்கிறார்கள்?

கோடைகாலம். காடெல்லாம் வெடிப்பு விட்டுக் கிடந்தது, யாருக்கும் வேலை இல்லை. போராட்டத்துக்கு ஆள் பஞ்சம் வராத மாசம் அது. சித்தப்பா வீடுவீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். என்னோடு ஒருநாளும் பேசியிராத கிழவர்கள் எல்லாம் எனக்காகக் கட்டைவிரலை மையில் தோய்த்தார்கள். கயத்தாற்றில் தெரிந்தவர் ஒருவரின் லாரி சும்மா நின்றது, அதுவும் வந்துவிட்டது. நான் என் ஒற்றைப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். பின்னால் ஊர் நின்றுகொண்டு வந்தது. வழியெல்லாம் புழுதிக்காற்று.

பெண்கள் கல்லூரி வாசலில் வேட்டி கட்டிய ஒரு லாரி ஆண்கள் இறங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கூர்க்கா பயந்துபோய்க் கேட்டைச் சாத்தினார். கேட்டைச் சாத்தினால் கோஷம் போடுவது எங்கள் ஆட்களுக்குக் கை பழக்கம் மாதிரி, வாய் பழக்கம். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேவிட்டார். "ஏ, சும்மா இரும்வே, நாம இன்னும் மனுவே குடுக்கல" என்று சித்தப்பா அடக்கினார். மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைச் சேலை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அது முதல்வர் என்று எனக்குத் தெரியும். பைக்குள் இருந்த என் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

என்னையும் அப்பாவையும் சித்தப்பாவையும் மட்டும் உள்ளே விட்டார்கள். அறைக்கு வெளியே நீள பெஞ்சில் என் வயசுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் அவள் அம்மா. அந்த அம்மாவின் விரல்களில் தீப்பெட்டி ஒட்டுகிற பசை காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே இருந்தாள். எங்களை முதலில் கூப்பிட்டார்கள்.

நான் பையைத் திறப்பதற்குள் சித்தப்பா மனுவை மேசைமேல் வைத்துவிட்டார். முதல்வர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவர் படிக்கிறபோதுதான் நானும் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக அதைப் பார்த்தேன். மழை பொய்த்து, மானாவாரிப் பயிர்கள் கருகி, ஆடுமாடுகள் மேய்ச்சலின்றி வாடும் எங்கள் கிராமத்தில் என்றுதான் அது தொடங்கியது. எங்கள் ஊர் மனு எதுவானாலும் அப்படித்தான் தொடங்கும். நான் மூன்றாவது பத்தியில் 'மேற்படி மாணவி' என்று வந்தேன். கடைசியில், வழக்கமாகப் போடுகிற அதே வரி. தவறும் பட்சத்தில் பொதுமக்கள் ஒன்றுதிரண்டு அறவழியில் போராட நேரிடும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அதன் கீழே கைநாட்டுகள், வரிசையாக. அதற்கும் கீழே நகல் பெறுவோர். மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர், மின்வாரிய உதவிப் பொறியாளர்.

முதல்வர் நிமிர்ந்தார். "மின்வாரியத்துக்கு எதுக்கு நகல்?"

"அது வழக்கம் மிஸ்," என்றார் சித்தப்பா.

"மிரட்டுறீங்களா?"

"ஐயோ, தாழ்மையுடன்னுல்லா போட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வந்தது, தொண்டைக்குள்ளேயே செத்தும்போனது. முதல்வர் என் பக்கம் திரும்பினார். "இது உனக்குத் தெரிஞ்சுதான் எழுதினதா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு அப்பாவைப் பார்த்தேன். கைநாட்டுகளுக்கெல்லாம் மேலே, முதலாவதாக, அவர் தன் பேரை எழுத்துக்கூட்டி எழுதியிருந்தார். சட்டையின் மேல் பித்தான்வரை போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார். ஊரே தன் மகளுக்காக வந்து நிற்கிறது என்கிற பெருமை அந்த முகத்தில் இருந்தது. அதில் நான் எப்படி மண்ணைப் போடுவேன்?

"தெரியும் மிஸ்," என்றேன். சொல்லிவிட்டு என் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. "ஊரே பேசியாச்சு. இதுக்கு மேல நீ வேற என்ன பேசப்போறே?"

சித்தப்பாவின் எழுத்தை அவர் கடைசி வரிவரை படித்தார். என் ஒற்றைப் பக்கத்தை மடிப்புப் பிரித்துப் பார்க்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. சித்தப்பாமேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதியை நான் அந்த முதல்வருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். தீர்ப்பு முடிந்துவிட்டது, முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்றார்கள்.

வெளியே வந்தால் அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். மடியில் ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட். "மஞ்சக்காமாலையா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். கழுகுமலைக்காரி, வேதியியல் முதலாம் ஆண்டு, அவளும் தமிழ் மீடியம். வேறொன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை, சர்ட்டிபிகேட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள்தான் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் காகிதத்தை அவள் மடியில் போட்டேன்.

"இதப் பாத்து எழுது. பாடத்தோட பேர மாத்து, ஊர் பேர மாத்து. அந்த சர்ட்டிபிகேட்டக் கிழிச்சுப் போடு."

"நீங்க?"

"எனக்கு ஊரே எழுதிருச்சு."

இதைத் தயவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குப்பைத்தொட்டி பக்கத்தில் இருந்திருந்தால் அதில் போட்டிருப்பேன். அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

திரும்பி வரும்போது லாரியில் ஒரே குதூகலம். "ஆளு மிரண்டுட்டா அண்ணே. மூஞ்சியப் பாத்தியளா?" என்று சித்தப்பா அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கயத்தாற்றில் நிறுத்தி எல்லாரும் டீ குடித்தார்கள். எனக்குச் சூடாக வடை வாங்கிக்கொடுத்து, "தின்னு தாயி, ஜெயிச்சாச்சு" என்றார் ஒரு பெரியவர். தின்றேன். வேறென்ன செய்ய?

அடுத்த பதிவுத் தபால் வந்தது. தபால்காரர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. முறையீடு ஏற்கப்படவில்லை என்று ஒரே வரி. ஊர் கொதித்தது. சித்தப்பா ரோட்டை மறிக்கலாம் என்றார். "மறிச்சா நான் கிணத்துல விழுந்துருவேன்" என்றேன். அதற்கு மட்டும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் மழை பெய்தது, எல்லாரும் விதைக்கப் போய்விட்டார்கள். என்னை மறக்க அவர்களுக்கு ஒரு மழை போதுமானதாக இருந்தது.

நான் கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் படித்து, ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் சேர்ந்தேன். சம்பளப் பட்டியல் அடித்தேன், சரக்கு ரசீது அடித்தேன். கல்யாணமும் ஆயிற்று. நான் நினைத்தபடியே இரண்டும் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து அடுத்த பெண் கல்லூரிக்குப் போவதற்கு ரொம்ப வருஷம் பிடித்தது. "அவளப் படிக்க வச்ச லெச்சணம் தெரியாதா" என்று எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

பத்து வருஷம்போல் கழித்து ஒரு சாயங்காலம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கழுகுமலை பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கையில் குடை, தோளில் பை, பார்த்தாலே டீச்சர் என்று தெரிந்தது. எனக்கு ஆளைத் தெரியவில்லை.

"என்னத் தெரியலையா? காலேஜ் பெஞ்சுல உக்காந்து அழுதேன்ல்லா. நீங்க குடுத்தீங்களே."

அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். படித்து முடித்து, பி.எட். முடித்து, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். தன் தங்கையையும் அதே கல்லூரியில் சேர்த்துவிட்டாளாம். அவள் அம்மா இப்போது தீப்பெட்டி ஒட்டுவதில்லையாம். மூச்சு விடாமல் சொன்னாள்.

"நீங்க குடுத்ததப் பாத்து நான் எழுதுனத பிரின்சிபால் மிஸ் ரெண்டு தடவ படிச்சாவ," என்றாள். "படிச்சிட்டு என்ன சொன்னாவ தெரியுமா? 'ஊரக் கூட்டிட்டு வந்து மிரட்டுறவளும் இருக்கா, தன் தப்ப ஒழுங்கா எழுதிட்டு வார ஒன்ன மாதிரிப் பிள்ளையும் இருக்கு. ஒன்னத்தான் நம்பலாம்'னு சொன்னாவ."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என் கையை விட்டுவிட்டாள். அவள் பஸ் வந்தது. "வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

அன்றைக்கு நான் ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன், அப்பாவைப் பார்க்க. சித்தப்பாவும் அங்கே இருந்தார். வயசாகிவிட்டது, சங்கத்தை வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். என்னைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் ஒரே பேச்சுத்தான். அன்றைக்கும் அதையே எடுத்தார்.

"எந்தப் பொம்பளப்பிள்ளைக்கு இந்த ஜில்லாவுல ஊரே திரண்டு வந்திருக்கு? ஒனக்கு வந்துச்சுல்லா?"

அப்பா, அன்றைக்கு அந்த அறையில் நின்ற அதே முகத்தோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சித்தப்பா," என்றேன். "ஊரே வந்துச்சு."